கந்தகம் வேண்டாம் என்று சொன்னேன்

எங்கள் ஊரில் எனக்குப் பேன் டாக்டர் என்று பெயர். பட்டம் வாங்கிக்கொண்டு வந்த புதிதில், பஸ் நிறுத்தத்தில் ஒரு அக்கா கேட்டது, "எதுக்குத்தா ஒனக்கு டாக்டர் பட்டம் குடுத்தாக?" என்று. நானும் உள்ளதைச் சொன்னேன். செடியில் வருகிற செஞ்சிலந்திப் பேன் குளிர்காலத்தில் எப்படித் தூங்குகிறது, எந்த ஊரில் எப்போது தூங்கப் போகிறது, எந்த ஊரில் தூங்காமலே இருக்கிறது, இதுதான் என் படிப்பு என்றேன். அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "பேனு தூங்குறதப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போன? எங்க வீட்டுக்கு வந்திருந்தா எம் மக தலையில காட்டியிருப்பேன்ல!" என்றது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் எனக்குக் காது சுடுகிறது. ஏன் என்று யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் சித்தியிடம் மட்டும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அது என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பேனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெயரில்தான் சிவப்பு, நிறம் வெளிர்ப் பச்சை; ஊசி முனை அளவுகூட இருக்காது. இலைக்கு அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். இலையின் மேல்பக்கம் பொடிப்பொடியாக மஞ்சள் புள்ளி விழும், பிறகு முழுக்க வெளுத்துப் போகும், கொஞ்ச நாளில் கொழுந்தைச் சுற்றி மெல்லிசாக நூலாம்படை கட்டிவிடும். அவ்வளவு பின்னால் பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

நான் இதைப் படித்தது வடக்கே, மலை மேலே, ஆப்பிள் விளைகிற ஓர் ஊரில். கந்தக பூமியில் பிறந்தவள், ஸ்வெட்டர் என்றால் கடையில் தொங்குகிற சாமான் என்று நினைத்திருந்தவள், அங்கே போய் ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அங்கே மழைக்காலம் முடிந்து பகல் சுருங்க ஆரம்பித்ததும் பேனுக்குத் தகவல் போய்விடும். குளிர் வரட்டும் என்று அது காத்திருக்காது. பகல் குறைவதைக் குஞ்சாக இருக்கும்போதே கண்டுகொள்ளும். அப்படி வளர்கிற பெண் பேன் வழக்கமான வெளிர்ப் பச்சையை விட்டுவிட்டு ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். சாப்பிடாது, முட்டை வைக்காது. மரப்பட்டை இடுக்கிலும் சருகுக்கு அடியிலும் போய் அடைந்துகொள்ளும். மேலே பனி கொட்டும். மாசக்கணக்கில் அசையாது. வெயில் திரும்பி வந்ததும் எழுந்து முதல் வேலையாகக் கொழுந்தைத் தேடிப் போகும். முதல்முதலாக ஒரு பட்டையை உரித்து லென்ஸ் வழியே அந்த ஆரஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எம்மாத்திரம் உயிர், அதற்கு என்ன கணக்கு என்று மலைத்துப் போனேன்.

ஆனால் எல்லா ஊர்ப் பேனும் ஒரே மாதிரி இல்லை. வடக்கே குளிர் அதிகமான இடத்துப் பேன் சீக்கிரமே படுக்கப் போகும். கொஞ்சம் தெற்கே வந்தால் தாமதமாகப் போகும், அதிலும் பாதிதான் போகும். இன்னும் இறங்கி, மார்கழி மத்தியானத்திலும் வேர்க்கிற எங்கள் பக்கம் வந்தால் தூக்கமே கிடையாது. பகலும் பெரிசாகச் சுருங்குவதில்லை, தின்ன இலையும் வருஷம் முழுக்க இருக்கிறது, பிறகு அது எதற்குத் தூங்கப் போகிறது? இதை என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சித்தி என்றது என் அம்மாவின் தங்கை. சாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவர் ஊர். இருபது வருஷம் பட்டாசு ஆபீஸுக்குப் போனவர். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். தரைச் சக்கரமும் புஸ்வாணமும் போட்ட கை. ஒரு நாள் பக்கத்து ரூம் வெடித்துப் போய்விட்டது. தினமும் கூட உட்கார்ந்து சோறு தின்ற இரண்டு பேர் இல்லை. சித்தி அன்றைக்கு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்து வந்தவர்தான், விட்டுவிட்டு வந்த தூக்குவாளியை எடுக்கக்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. சித்தப்பா விட்டுப் போன அரை ஏக்கர் செவக்காடு சும்மா கிடந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. மல்லிகை வைத்தார். இரண்டு மூன்று வருஷத்தில் காலை முதல் பஸ்ஸில் விருதுநகருக்குப் பூ போக ஆரம்பித்தது. உழைத்தார் என்றால் அப்படி ஓர் உழைப்பு. சும்மா சொல்லக் கூடாது, அந்த வட்டாரத்திலேயே அந்தத் தோட்டம்தான் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது.

என் தம்பிக்கு, அதாவது சித்தி மகனுக்கு, பெண் பார்த்தபோது நானும் போயிருந்தேன். அவன் லோடு வண்டி ஓட்டுகிறவன். பெண் வீட்டிலும் எல்லோரும் ஆபீஸ் வேலைதான், பெண்ணும் பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அங்கேதான். பெண்ணோட அம்மா நகை பேசவில்லை, சீர் பேசவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "எம் புள்ளைய இனி ஆபீஸுக்கு மட்டும் அனுப்பிராதீக. தெனமும் அது வீடு வந்து சேருற வரைக்கும் நான் வாசல்லயேதான் நிக்கேன்."

சித்தி வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். "பூந்தோட்டம் இருக்குற வரைக்கும் எம் மருமக மருந்து தொட மாட்டா."

வெடிக்குள்ளே போகிற தூளைத்தான் எங்கள் பக்கம் மருந்து என்பார்கள். அந்த வாக்கை நம்பித்தான் அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்தாள். வந்த மறுவாரமே விடியுமுன் எழுந்து மடியைக் கட்டிக்கொண்டு பூ எடுக்க இறங்கிவிட்டாள். நல்ல வேகம். சித்தி ஒரு வரிசை எடுத்து முடிக்கும்போது அவள் இரண்டாவது வரிசையில் இருப்பாள்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குத் தூரமான பெண்கள் அந்த நாட்களில் பூந்தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. செடி கருகிவிடும் என்பார்கள். மருமகள் அந்த நாட்களில் வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை நான், "இதெல்லாம் என்ன சித்தி, இந்தக் காலத்துல" என்றேன். "பூவு சாமிக்குப் போகுதுல்ல தாயி" என்றார். சரி, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே கொஞ்சம் வம்பு பண்ணியிருக்கலாம்.

நான் மலையிலிருந்து இறங்கி, வேறு ஒரு மாவட்டத்தில் ஒரு வேளாண்மைக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த வருஷம். கார்த்திகை கடைசியில் லீவு போட்டு சித்தி வீட்டுக்குப் போனேன். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. தோட்டத்தில் கவாத்து முடிந்து செடியெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டப்பட்டு நின்றது. கவாத்து பண்ணின பெண்கள் நாலைந்து பேர் வெட்டின குச்சிகளை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கவாத்து முடிந்ததும் சித்தி வருஷா வருஷம் ஒரு வேலை செய்வார். உரக்கடையில் கந்தகத் தூள் வாங்கி வந்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, பனி ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு செடி மேலும் தட்டிக்கொண்டே போவார். பேன் வராமல் இருப்பதற்கு. யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. கந்தகத்தோடு இருபது வருஷம் புழங்கினவருக்கு அது எதைக் கொல்லும் என்று தெரியாதா?

அன்றைக்குக் காலையில் நான் பார்க்கும்போது மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். மூக்கைச் சுற்றித் துண்டு. முகம் சுண்டிப் போயிருந்தது. "என்ன சித்தி?" என்றேன்.

"ஒண்ணுமில்லத்தா. இந்த நாத்தம் வந்தா அவுக ரெண்டு பேரும் கண்ணு முன்னால வந்துருதாக. வருசத்துக்கு ஒரு நாளுதான், பல்லக் கடிச்சுக்கிட்டுப் போட்டுருவேன்."

எனக்கு மனசு என்னவோ செய்தது. அது பொய் இல்லை. ஆனால் அதோடு இன்னொன்றும் இருந்தது. அந்தப் பெண்கள் குச்சி கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்துவிட்டு வந்த பிள்ளை என்ன சொல்கிறது பார்ப்போம் என்கிற பார்வை. நான் வாயைத் திறந்தேன்.

"அது எதுக்கு சித்தி இப்பப் போடுறீக? குளிர்காலத்துல பேனு தூங்கிரும். ஒண்ணும் திங்காது, முட்டையும் வைக்காது. நான் அஞ்சு வருசமா அதத்தான பாத்துட்டு வந்திருக்கேன்? தூங்குறதுக்கு எதுக்கு மருந்து? பங்குனில வெயில் ஏறட்டும், அப்பப் பாத்துக்கலாம்."

சித்தி மூட்டையைக் கீழே வைத்தார். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப இந்த நாத்தமே வேண்டாங்குறியா?"

"வேண்டாம் சித்தி."

மூக்கிலிருந்து துண்டை அவிழ்த்துக்கொண்டு சித்தி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை என்னால் இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினார். "பாத்தீகளாடி எங்க அக்கா மகள!" என்று அந்தப் பெண்களிடம் பீற்றிக்கொண்டார்.

அப்போதுதான் மருமகள் கேட்டாள். குச்சிக் கட்டு தலையில் இருந்தது, அப்படியே நின்றுகொண்டு கேட்டாள். "மதினி, நமக்கே குளிரலையே. அதுக்கு மட்டும் எப்பிடிக் குளிரும்?"

கேட்டது அவ்வளவுதான். என் ஐந்து வருஷப் படிப்பு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. ஒரு நொடி நின்று யோசித்திருந்தாலே, என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் எனக்கே ஞாபகம் வந்திருக்கும். யோசிக்கவில்லை. சிரிப்புக்கு நடுவில் குறுக்கே வந்துவிட்டாளே என்று சுள்ளென்று வந்தது.

"ஒனக்குக் குளிரலன்னா அதுக்குக் குளிராதா? நீ என்ன பேனா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் ஒப்புக்குச் சிரித்துவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கந்தகப் பை பரணுக்குப் போயிற்று.

தை மாசம் தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். இலை லேசாக வெளுத்திருந்தது. நான் கேண்டீனில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன். எண்ணெய்க் கையோடு பார்த்தேன், பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. மல்லிகைக்கு இரும்புச் சத்துக் குறைந்தால் அப்படித்தான் வெளுக்கும், அதை அடிக்கச் சொல்லு என்று போட்டேன். கூடவே ஒரு கட்டைவிரல் படம் வேறு. அடித்தார்களாம். பேனுக்கு அது என்ன செய்யும்?

மாசி பிறந்து சித்தியே போன் போட்டார். குரலே சரியில்லை. "கொஞ்சம் வந்துட்டுப் போறியாத்தா? எனக்கு என்னமோ பயமா இருக்கு." மறுநாளே போனேன்.

தோட்டத்துக்குள் கால் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. புதுக் கொழுந்தெல்லாம் வெளிறிப் போய், சுருங்கி, நூலாம்படை கட்டி நின்றது. மொட்டு வைத்த இடத்தில் மொட்டு இல்லை. மல்லிகைக்கு மாசிக்கு மேல்தானே சீசன்? அந்தச் சீசன் மொத்தமும் அந்தக் கொழுந்தில்தான் வந்திருக்க வேண்டும். ஓர் இலையைக் கிள்ளித் திருப்பி லென்ஸை வைத்தேன். மலையில் பார்த்த ஆரஞ்சு நிறம் ஒன்றில்கூட இல்லை. எல்லாம் வெளிர்ப் பச்சை, முதுகில் இரண்டு கறுப்புப் புள்ளி. கண்ணாடி மணியாக முட்டை. முட்டைக்குப் பக்கத்தில் குஞ்சு, குஞ்சுக்குப் பக்கத்தில் தாய், எல்லாம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கார்த்திகையிலும் தூங்கவில்லை, மார்கழியிலும் தூங்கவில்லை. கவாத்தில் மிஞ்சின இலையிலும் வரப்புக் களையிலும் இருந்துகொண்டு, கொழுந்து வந்ததும் ஏறியிருக்கிறது. சித்தி அன்றைக்கு அந்தத் துணி மூட்டையைத் தட்டியிருந்தால் பாதி அங்கேயே போயிருக்கும்.

நான் லென்ஸை எடுக்காமலே குனிந்து நின்றேன். நிமிர்ந்தால் சொல்ல வேண்டும். என்ன வார்த்தை சொல்வது என்று மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். சொல்லத்தான் போனேன், சத்தியமாக.

அதற்குள் பூ எடுக்க வருகிற பெண்களில் ஒருத்தி பின்னால் நின்று பேச ஆரம்பித்துவிட்டாள். "பேனு எங்களுக்கும்தான் வந்துச்சு, இப்பிடியா ஒரேயடியாப் போச்சு? ஒங்க மருமக தையில தூரத்தோட உள்ள போனா. அது போதாதா?"

நடந்தது இதுதான். தை மாசம் சித்திக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. தம்பி வண்டியோடு வெளியூரில். கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் வருகிற நேரம் காலையில் கொஞ்சம்தான். மருமகளுக்கு அது இரண்டாம் நாள். பார்த்திருக்கிறாள், செடி வாடுகிறது. உள்ளே போய் மடை திருப்பித் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்துவிட்டாள். வந்து அதை மறைக்கவும் இல்லை, தானே சித்தியிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் செய்ததைச் செய்தேன் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

சித்தி என்னைப் பார்த்தார். எனக்கு வேண்டிய மட்டும் இடம் கொடுத்துத்தான் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும். "நீ படிச்ச புள்ள. நீயே சொல்லுத்தா. தூரத்தோட போனா செடி இப்பிடிக் கருகுமா?"

மருமகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது, எனக்குக் கொண்டு வந்தது. கண் கொட்டாமல் என்னையே பார்த்தாள்.

கருகாது என்று சொல்ல எனக்கு என்ன கேடு? ஆனால் கருகாது என்றால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் கருகிற்று? அதற்கு ஒரே பதில்தான் உண்டு. அந்தப் பதிலில் என் கார்த்திகைப் பேச்சு இருந்தது, வடை தின்றுகொண்டு போட்ட கட்டைவிரல் இருந்தது. சுற்றி அதே பெண்கள் நின்றார்கள்.

"அப்பிடியும் சொல்றாக சித்தி" என்றேன்.

பூச்சிகளைப் படித்துப் பட்டம் வாங்கினவள் நான். மாசா மாசம் அதே மூன்று நாள் எனக்கும் வருகிறது. மலையில் ஒவ்வொரு செடியையும் அந்த நாட்களிலும்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் கருகவில்லை. எல்லாம் தெரிந்தும் அந்த மூன்று வார்த்தையைச் சொன்னேன். சீ, என்ன பிறவி!

மருமகள் செம்பை வேலி ஓரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சித்தி தலையில் கையை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். நான் லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாத்தூருக்குப் போய், சரியான மருந்து வாங்கி வந்து, நானே விசைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு அடித்தேன். இலை ஒன்று விடாமல் அடிப்பக்கம் பார்த்து அடித்தேன். பார்த்தவர்கள், "சித்திக்காக எம்புட்டுப் பாடுபடுது பாரு" என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டுதான் அடித்தேன்.

பேன் போயிற்று, ஆனால் சீசனும் போயிற்று. பங்குனி, சித்திரை இரண்டு மாசமும் முதல் பஸ்ஸில் சித்தியின் பூக்கூடை ஏறவில்லை. வைகாசியில் மருமகள் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். பழைய ஆபீஸிலேயே கேட்டவுடன் எடுத்துக்கொண்டார்களாம், கை வேகம் தெரியுமே. பெண்ணோட அம்மா ஓடி வந்து சித்தியிடம் அழுதிருக்கிறார், என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்று. சித்தி சொன்னாராம், "தோட்டம் இருக்குற வரைக்கும்னுதான சொன்னேன்? ஒங்க மகதான் தோட்டத்த அழிச்சா. அவ செஞ்சதுக்கு அவளே போறா." சித்தி கெட்டவர் இல்லை. அந்த ரூமுக்குள் தன் மருமகள் போய் உட்காருகிறாள் என்பதைத் தாங்கிக்கொள்ள அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

தம்பி போனில் இதைச் சொன்ன அன்றைக்கு எனக்கு வகுப்பு இருந்தது. பாடம் என்ன தெரியுமா? பேன்களின் குளிர் உறக்கம். தெற்கே போகப் போக உறக்கம் குறையும், நம் மாவட்டங்களில் கிடையவே கிடையாது, ஆகவே கார்த்திகை, மார்கழியிலும் கவனம் வேண்டும் என்று கணீரென்று சொன்னேன். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்து முகம் கழுவினேன்.

அந்த மாசிக்குப் பிறகு ஒரு வருஷம் நான் சித்தி ஊர்ப் பக்கமே போகவில்லை. வேலை, வேலை என்று போனிலேயே ஓட்டினேன். பட்டாசு ஆபீஸ் எதிலாவது விபத்து என்று செய்தி வந்தால் மட்டும் உடனே தம்பிக்குப் போன் போடுவேன். அவன் எடுக்கிற வரைக்கும் அடிக்கிற மணியில் என் உயிர் போய் வரும். "அது ஆலங்குளம் பக்கம்க்கா, நம்ம பக்கம் இல்ல" என்பான். அப்பாடா என்று இருக்கும். அங்கேயும் ஒரு வீட்டு மருமகள்தானே என்று பிறகுதான் உறைக்கும்.

இந்த மாசியில் போனேன். இனியும் போகாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றிற்று. சாத்தூரில் இறங்கி வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு, மினிபஸ் பிடித்து, சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன்.

தோட்டம் திரும்பிவிட்டது. கொழுந்து பளபளவென்று இருந்தது, மொட்டுப் பிடித்திருந்தது. சித்தி முகத்தில் பழைய தெளிச்சி. கையைப் பிடித்து வரிசை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "பாத்தியா! ரெண்டு காரியம் பண்ணுனேன். கார்த்திகையில மூக்கப் பொத்திக்கிட்டுக் கந்தகத்தத் தட்டிட்டேன். அவள ஒரு நாளும் வேலிக்கு உள்ள விடல, நல்ல நாளுலயும் விடல. செடி எந்திரிச்சிருச்சு பாரு!"

ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் நடந்தது என்று தெரியாது என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருகிறேன். சித்தி இரண்டையும் ஒன்றாக மாற்றியிருந்தார். கந்தகம் செய்த வேலைக்கு மருமகளைத் தள்ளி வைத்தது சாட்சியாகிவிட்டது. இனி இந்தத் தோட்டம் பூக்கிற ஒவ்வொரு நாளும் அவள் மேல் உள்ள பழி உறுதியாகும்.

"சித்தி, உக்காருங்க" என்றேன். வரப்பில் உட்கார்ந்தோம். சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். நம் ஊரில் பேன் தூங்காது, அது எனக்கு முன்னாலேயே தெரியும், பெருமைக்காக வாயில் வந்ததை உளறினேன், போட்டோவையும் சரியாகப் பார்க்கவில்லை, மாசியில் லென்ஸை வைத்தபோதே புரிந்துவிட்டது, நீங்கள் கேட்டபோது பயந்துகொண்டு சொல்லாமல் விட்டேன், தூரத்துக்கும் செடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அன்றைக்கு அவள் தண்ணீர் பாய்ச்சியிருக்காவிட்டால் இருந்த செடியும் பட்டுப் போயிருக்கும். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லி முடித்தேன்.

சித்தி சேலைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"ஒனக்கு எம்புட்டு எளகின மனசுத்தா" என்றார். "அவ ஆபீஸுக்குப் போறது ஒனக்குப் பொறுக்கல. அதுக்காகப் பழியத் தூக்கி ஒந் தலையில போட்டுக்கிடுற. படிச்ச புள்ள, அஞ்சு வருசம் அதையே பாத்த புள்ள, நீ தப்பாச் சொல்லுவியா? நான் நம்பணுமாக்கும்!"

"இல்ல சித்தி, நெசமாவே..."

"போதும் விடுத்தா. எனக்குத் தெரியாதா ஒன்ன?" சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

சாயந்தரம் கம்பெனி பஸ் வந்து நின்றது. மருமகள் இறங்கி வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை. முழங்கை வரைக்கும் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப் பவுடர் மினுங்கிற்று. "வாங்க மதினி, எப்ப வந்தீக?" என்றாள், ஒரு குறையும் இல்லாத குரலில். வாசலில் நின்று சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

சித்தி உள்ளேயிருந்தே சத்தமாகச் சொன்னார். "ஏத்தா, ஒங்க மதினி பண்ணுன கூத்தக் கேட்டியா? தோட்டம் போனதுக்குத் தாந்தான் காரணம்னு எங்கிட்ட ஒரே அழுக. ஒன்னயக் காப்பாத்துறதுக்கு! இப்பிடி ஒரு நாத்தனா யாருக்குக் கெடைக்கும்? நல்லா ஒரு காப்பியப் போட்டுக் குடு."

அவள் அடுப்படிக்குப் போனாள். காப்பி போட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். சித்தி கொல்லைப் பக்கம் போயிருந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள். முகத்தில் கோபம் இருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கு அப்பவே தோணுச்சு மதினி, நம்ம ஊருல அது தூங்காதுன்னு" என்றாள். "அது பெருசு இல்ல. யாருக்கும் வாய் தவறும். ஆனா அத்த ஒங்ககிட்டக் கேட்டாகல்ல, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு நான் ஒங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

டம்ளர் சுட்டது, கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"சீனி போதுமா மதினி?" என்றாள்.

"போதும்" என்றேன்.